எட்டாவது மாடி ஜன்னலில் கற்ற சமையல்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்கிற இடத்தில் ‘மேகம்’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். இவரோ ஏதோ விருது கொடுத்த மாதிரி அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். யாராவது வாசலில் வந்து நின்று, மேகம் இருக்காரா என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இருக்கிறார், இன்னும் கலைந்துபோகவில்லை என்று சொல்லி உள்ளே கூப்பிடுவேன்.

உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஜன்னல் கண்ணாடிகளைத் துடைப்பது அவர் வேலை. இடுப்பில் பட்டை, உட்காரச் சின்னதாக ஒரு பலகை, பக்கத்தில் ஆடுகிற சோப்புத் தண்ணீர் வாளி, கையில் ரப்பர் வைத்த துடைப்பான். காலையில் மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கத் தொடங்கினால், ஒரு வரிசை ஜன்னலைத் துடைத்தபடியே தரைக்கு வந்து சேருவார். பிறகு லிஃப்டில் மறுபடி மேலே போய், கயிற்றை நகர்த்திக் கட்டி, அடுத்த வரிசை. அந்தக் கயிறு இறக்கும், ஏற்றாது. ஒரு மாடியைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். அங்கே எதைப் பாதியில் விட்டாலும் அடுத்த வரிசையில் இறங்கும்போதுதான் மறுபடி பார்க்க முடியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற கூத்தெல்லாம் இதனால் வந்ததுதான்.

பெயர் பொருத்தமில்லை என்று சொல்லமாட்டேன். வீட்டிலும் மனிதர் தரையில் இருப்பது குறைவு. அடுப்பில் பால் பொங்கும்போது பக்கத்திலேயே நின்று அது பொங்குகிற அழகைப் பார்ப்பார், அணைக்கமாட்டார். ஒரு காலில் ஒரு ஜோடியின் செருப்பும் இன்னொரு காலில் வேறு ஜோடியின் செருப்புமாகப் பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வருவார். ஏதாவது கேட்டால், கேள்வி காதில் விழுந்து பதில் வாய்க்கு வருவதற்குள் நான் இன்னொரு வேலையை முடித்துவிடுவேன். நானோ நேர் எதிர். எனக்கு மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் ருசி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கட்டிக்கொண்டவர் பாடு திண்டாட்டம்தான்.

நான் ஒரு பெரிய அலுவலகத்தின் கேண்டீனில் சமையல்காரி. கொதிக்கிற பாத்திரத்தில் கரண்டியை விட்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தால் போதும். உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, இன்னும் எத்தனை கொதி வர வேண்டும், எல்லாம் சொல்லிவிடுவேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடாது. காலைத் தேநீர் அவர் பொறுப்பு. கல்யாணமானதிலிருந்து அவர் போட்ட தேநீர் ஒன்றையாவது நான் குறை சொல்லாமல் குடித்ததில்லை. கொதித்தது போதவில்லை என்பேன், இன்றைக்கு என்ன சர்க்கரை ஆலை வைத்திருக்கிறீர்களா என்பேன், ஒன்றும் கிடைக்காவிட்டால் கோப்பை சரியாகக் கழுவவில்லை என்பேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதைக் கேட்டால்தான் அவருக்கு நாள் தொடங்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. குளிக்கும்போது, கடைக்காரன் வாசனையில்லாத சோப்பைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று திட்டினேன். ஆரஞ்சை உரித்தால் விரல் ஈரமானது, அவ்வளவுதான். வாயில் போட்டால் நனைந்த துணியைக் கடிக்கிற மாதிரி இருந்தது. வெந்நீர், சூப், தேநீர் எல்லாம் வெறும் சூடு. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சிலருக்கு இப்படி ஆகிறது, திரும்பி வந்துவிடும், எப்போது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்றார். வராமலே போனவர்களும் உண்டா என்று கேட்டேன். அப்படியும் சிலர் உண்டு என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

உடம்பு தேறியதும் கேண்டீனுக்குப் போனேன். பழக்கதோஷம், கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடி நக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூட்டிப்போய், சரியாகிறவரைக்கும் காய் மட்டும் நறுக்கிக் கொடுங்கள் என்றார். கரண்டி இன்னொருவர் கைக்குப் போனது. நான் மூலையில் உட்கார்ந்து மலை மலையாகக் கேரட் நறுக்கினேன். நாக்கு திரும்பாவிட்டால் வாழ்நாள் முழுக்க இந்த மூலைதான் என்று நினைத்தேன். பயந்தேன், ரொம்பவே பயந்தேன்.

அந்தக் காலம் முழுவதும் எனக்கு ஏதோ அரைத் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. மழை பெய்தால் பார்க்கத்தான் முடிந்தது, மண் மணக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் துணி மணக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், தினமும் ஒட்டிக்கொண்டு வருகிற அந்தச் சோப்புத் தண்ணீர் வாசனை இல்லை. வந்து உட்கார்ந்தது அவர்தானா என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்பேன். யாரோ தூரத்தில் வாழ்கிற வாழ்க்கையை நான் வேடிக்கை பார்ப்பது போல நாட்கள் போயின. சாப்பாடு ஒரு கடமையாக உள்ளே போனது, பாதி தட்டிலேயே கிடந்தது. உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று.

கோபமும் எங்கேயோ போய்விட்டது. ருசி தெரியாதபோது எதைக் குறை சொல்வது? அவர் தேநீர் கொடுத்தார், நான் குடித்தேன், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருநாள் சர்க்கரை போட மறந்துவிட்டாராம். நான் மடக் மடக்கென்று குடித்துவிட்டு எழுந்து போனேன். அப்புறம் தன் கோப்பையை வாயில் வைத்தபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பாமல் சமையலறை முக்காலியிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டில் இருக்கிற என் நாத்தனார் எதற்கோ மேலே வந்தவள், அண்ணன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க திட்டாம இந்த வீடு வீடாவே இல்ல. கீழ எனக்கே தூக்கம் வரமாட்டேங்குது.”

என் குரல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும் என்று முன்பெல்லாம் புகார் சொன்னவள் அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அன்று மாலை மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் ரொட்டிக்கடையில் தட்டுத் தட்டாக வெளியே எடுத்து வைத்தார்கள். முன்பு அந்த நேரத்தில் அந்த வாசனைக்காகவே ஜன்னலைத் திறந்து வைப்பேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் போலப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

“உனக்கு இப்ப எப்படி இருக்கோ, எனக்கு வேலையில தினமும் அப்படித்தான்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியும். வதக்குவாங்க, கிளறுவாங்க. சத்தமும் வராது, வாசனையும் வராது. சினிமாவுல ஒலியை அணைச்ச மாதிரி. அப்படிப் பார்த்தே எனக்கு நாக்குல எச்சில் ஊறின சாப்பாடு ஒண்ணு இருக்கு.”

பிறகுதான் அந்த எட்டாவது மாடிக் கதை வெளியே வந்தது. கண்ணாடியைப் பார்க்கலாம், கண்ணாடிக்கு உள்ளே பார்க்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் கண்டிப்பான விதி. மனிதர்களைப் பார்க்கமாட்டாராம். கட்டிலில் தூங்குகிறவர், சோபாவில் அழுகிறவர், யாராக இருந்தாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நுரையை மட்டும் பார்ப்பாராம். ஆனால் அடுப்பு தெரிந்தால் கண் தானாகப் போய்விடும் என்றார். ஒரு கட்டடத்தில் எட்டாவது மாடி மூலை வீட்டில் சமையலறை ஜன்னல் அகலமானது. அந்தக் கட்டடத்தைக் குளிர்காலம் முடிந்த பிறகுதான் துடைப்பார்கள். இளம் காய்கள் கடைக்கு வருகிற வசந்தமும் அதுதான். அந்த வீட்டு அம்மா அப்போது பாஸ்தா செய்வார். கேரட்டைத் தவிர அதில் போடுவதெல்லாம் பச்சை. பச்சைப் பட்டாணி, பச்சைத் தண்டு, பச்சை இலை, நடுவில் மெல்லிய நாடா போல வெளுத்த பாஸ்தா. வெயில் அந்தப் பாத்திரத்தின் மேல் விழும்போது, தொங்கிக்கொண்டிருப்பதே மறந்துபோகும் என்றார்.

ஒரே தடவையில் முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு வருடம் பட்டாணி உரிப்பதைப் பார்த்தார், இன்னொரு வருடம் தண்டு நறுக்குவதை, மற்றொரு வருடம் தண்ணீர் கொதிப்பதை. எப்போதும் ஏதாவது ஒரு துண்டுதான், அதற்குள் கயிறு இறங்கிவிடும். மிச்சத்தைத் தொங்கிக்கொண்டே கற்பனை செய்து முடித்துக்கொள்வாராம்.

இத்தனை வருடம் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னொரு வீட்டுச் சமையலைப் பார்த்து எச்சில் ஊறியது என்று ஒரு சமையல்காரியிடம் எப்படிச் சொல்வது என்றார். நியாயம்தான். சொல்லியிருந்தால் அன்றே தொலைந்திருப்பார். அந்தம்மாவுக்கு என்ன வயது, எப்படி இருப்பார் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். முகம் பார்த்ததில்லை, கை மட்டும்தான் தெரியும், மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார் என்றார். இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

“வாசனை இல்லாமலே எனக்குப் பசி எடுக்க வச்சது அது. உனக்கும் எடுக்க வைக்கும்னு தோணுது. இந்தத் தடவை அந்தக் கட்டடத்துக்குப் போறப்ப முழுசாப் பார்த்துட்டு வந்து செஞ்சு தரேன்.”

நான் சரி என்றேன். எனக்கு நம்பிக்கை துளிகூட இல்லை.

குளிர் விட்டது. தெருவோர மரங்களில் பூனைக் காது போல இலை எட்டிப் பார்த்தது. அந்தக் கட்டடத்து வேலை தொடங்கியபோது, எட்டாவது மாடிக்குச் சரியாகச் சமையல் நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று இவர் திட்டம் போட்டிருக்கிறார். மொட்டை மாடியில் நின்று கயிற்றைக் கவனிக்கிற கூட்டாளி ஒருவர் உண்டு, பெரிய மீசைக்காரர். அவரிடம் ஏதேதோ சாக்குச் சொல்லி, காலையில் இறங்க வேண்டிய வரிசையை மதியத்துக்குத் தள்ளியிருக்கிறார். அந்த மீசைக்காரர் பிற்பாடு என்னிடம் வந்து, மேகம் அந்த ஒரு ஜன்னலைத் துடைத்த துடைப்பில் கண்ணாடி பாதி தேய்ந்திருக்கும், எட்டாவது மாடிக்காரர்கள் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால் சரி என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் கொதிப்பதிலிருந்து பாஸ்தா வேகிறவரை எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார். வடிப்பதற்குப் பாத்திரத்தைத் தூக்குகிற நேரம் மேலேயிருந்து மீசைக்காரர் கயிற்றைச் சுண்டி, இறங்கு என்று சைகை கொடுத்துவிட்டார். அடுத்த வரிசையில் இறங்கி வந்தபோது சமையலறையில் ஆளில்லை, கழுவுகிற தொட்டியில் தட்டுகள் கிடந்தன. வடித்த பிறகு என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் போட்டுக் கிளற வேண்டியதுதானே என்றார். நான் தலையாட்டினேன்.

விடுமுறை நாளில் காய் வாங்கப் போனார். நானும் கூடப் போனேன், போகாவிட்டால் பையை எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவார். பட்டாணியும் இளம் கேரட்டும் வெங்காயத்தாளும் சுலபமாகக் கிடைத்தன. பச்சைத் தண்டுக்குத்தான் பெயர் தெரியவில்லை. பென்சில் மாதிரி இருக்கும், முனையில் சீவாமல் மொட்டு விட்டிருக்கும் என்று காய்கறிக்காரம்மாவிடம் விரலை நீட்டி விளக்கினார். அந்தம்மா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுதுபொருள் கடை அடுத்த தெருவில் என்றார். எனக்கு அது ஆஸ்பாரகஸ் என்று முன்பே தெரியும். ஆனால் அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். சமைக்கிறது அவர், அவர் சமையல் அவர் இஷ்டப்படி நடக்கட்டும். கடைசியில் அவரே கூடைகளுக்குள் தலையை விட்டுத் தேடிக் கண்டுபிடித்து, காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி எடுத்துத் தூக்கிக் காட்டினார். இலை விஷயத்தில் குழப்பம் தீரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லா இலையும் இலைதான். புதினாவாக இருக்கலாம் என்று புதினா வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார். ஜன்னல் வழியாக வெயில் மேடை மேல் விழுந்துகொண்டிருந்தது. பட்டாணியை உரித்தார். ஒவ்வொன்றும் கிண்ணத்தில் விழுந்து உருண்டு நின்றது. கேரட்டை மெல்லிய வில்லைகளாக வெட்டினார், தண்டைச் சாய்வாக வெட்டினார். பொங்குகிற பாலை வேடிக்கை பார்க்கிற ஆள் இவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கை அவ்வளவு நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. நடுநடுவே மணிக்கட்டைத் தூக்கி நெற்றியோரம் எதையோ ஒதுக்கிவிட்டுக்கொண்டார். முதலில் ஈ தொந்தரவு என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. முகத்தைப் பார்க்காதவர் கை போன இடமெல்லாம் பார்த்திருக்கிறார், எட்டாவது மாடி அம்மா நெற்றியில் விழும் முடியை அப்படி ஒதுக்குவார் போலிருக்கிறது. இவருக்குத் தலையில் முடி போய் வருடங்கள் ஆகின்றன. சமையலில் அதுவும் ஒரு படி என்று நினைத்து இவர் அதையும் விடாமல் கற்று வைத்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. ஆவி போய் ஜன்னல் கண்ணாடியில் படிந்ததும் இவர் கை தானாகவே போய் அதை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு வந்தது. அடுத்து உப்பு. அந்தம்மா ஒரு கைப்பிடி போடுவதைப் பார்த்திருக்கிறார். அது அந்தம்மாவின் கைப்பிடி. இவர் கையோ வருடக்கணக்காகக் கயிறு பிடித்துப் பிடித்து மரக்கட்டை போல ஆன கை. அந்தக் கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டார். என் உடம்பே ஒருமுறை குலுங்கியது. சும்மா இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்பாக இருந்தால் எனக்கென்ன, எனக்குத் தெரியவா போகிறது?

பாஸ்தா தண்ணீருக்குள் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து மூழ்கியது. இன்னொரு அடுப்பில் ஆலிவ் எண்ணெயில் வெங்காயத்தாளை வதக்கி, காய்களைப் போட்டுப் புரட்டினார். வெந்த பட்டாணியின் பச்சை வேறு எதற்கும் வராது. அந்தப் பச்சை ஒருகணம் பளிச்சென்று ஏறியபோது, இவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. வாசனையே இல்லாமல், பார்க்கப் பார்க்க, ஏதோ ஒரு சாயங்காலக் கனவு போல அது முன்னால் நடந்துகொண்டிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் ஒரு பாத்திரத்தை ஆசையோடு பார்த்தேன். அழுகை வந்தது. இது எனக்குத் திரும்பக் கிடைக்காமலே போய்விடுமோ என்று வந்த அழுகை. அவர் திரும்புவதற்குள் துடைத்துக்கொண்டேன்.

பாஸ்தாவை வடிப்பதற்கு முன் ஒரு கோப்பையைப் பாத்திரத்துக்குள் விட்டு, கலங்கலான அந்தத் தண்ணீரை மொண்டு, சிந்தாமல் ஓரமாக வைத்தார். பரவாயில்லையே என்று நினைத்தேன். பாஸ்தா சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. மாவுச்சத்து இறங்கிய அந்தத் தண்ணீரைக் கடைசியில் காயோடும் எண்ணெயோடும் சேர்த்துக் கிளறினால்தான் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வழுவழுவென்று வரும். இல்லாவிட்டால் வறண்டுபோகும். வடித்தார். காயில் கொட்டிக் கிளறினார். எலுமிச்சை பிழிந்தார், சீஸ் துருவினார், புதினாவைக் கிள்ளிப் போட்டார். இப்போது ஊற்றுவார், இப்போது ஊற்றுவார் என்று நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றவில்லை. பாத்திரத்தில் பாஸ்தா கட்டி கட்டியாக ஒட்டத் தொடங்கியது. அடுப்பை அணைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“குடி.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதையா என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் முன்னாடி அந்தம்மா இதைத்தான் பத்திரமா எடுத்து வச்சாங்க. ஒரு சொட்டு சிந்தல. அப்புறம் நான் மறுபடி இறங்கி வந்தப்ப கோப்பை காலி. இருக்கிறதுலயே நல்லது இதுதான் போல. உனக்குத்தான் முதல்ல.”

என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சமையல் தெரிந்த யாரும் இதைக் குடிக்கமாட்டார்கள், அதை ஊற்றத்தான் எடுத்து வைத்தார்கள், இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு முக்கியமான இடத்தில் கோட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் முகத்தைப் பார்த்தேன். கோப்பையின் விளிம்புக்குமேல் ஆவி அவர் தாடையில் பட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடம் கண்ணாடிக்கு வெளியே தொங்கிக்கொண்டு துண்டு துண்டாகச் சேர்த்ததை, ஒரு சொட்டு சிந்தாமல் எனக்காகக் கொண்டுவந்து நின்றார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிடம் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வாங்கிக் குடித்தேன்.

முதல் வாய் வெறும் சூடாகத்தான் இறங்கியது. கொழகொழவென்று தொண்டையில் வழுக்கியது. இரண்டாவது வாயில் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஏதோ சுருங்கின மாதிரி இருந்தது. என்னவென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வாயை விழுங்காமல் வைத்திருந்தேன். ஓரத்தில் இருந்தது உள்ளே வந்தது. வெகு நாள் ஊரில் இல்லாதவர் கதவைத் தட்டினால், முதலில் யாரென்று புரியாமல் பிறகு குரலைக் கேட்டதும் தெரியுமே, அப்படித் தெரிந்தது. விழுங்கினேன்.

“கரிக்குது.”

“என்ன?”

“உப்பு. வாயில வைக்க முடியல, அப்படிக் கரிக்குது. கையா அது, மண்வெட்டியா? கடல் தண்ணியைக் காய்ச்சிக் கொண்டாந்து குடுத்திருக்கீங்க.”

சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்த முடியவில்லை. உப்புக்குத் திட்டினேன், ஒட்டிப்போன பாஸ்தாவுக்குத் திட்டினேன், பாத்திரம் அடிபிடிக்கப் போகிறது என்று திட்டினேன், இல்லாத முடியை ஒதுக்கியதற்குக்கூடத் திட்டினேன். திட்டும்போது கண்ணீர் வாய்க்குள் வந்தது, அதுவும் உப்பாக இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு மாடிப்படி வரை போய், கீழே தங்கைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“உங்க அண்ணி திட்டிட்டா.”

நாத்தனார் கையில் மாவோடு படியேறி வந்தாள். அன்றைக்கு மூன்று பேருமாக அந்தப் பாஸ்தாவைத் தின்றோம். எனக்கு உப்பு ஒன்றுதான் தெரிந்தது, மற்றதெல்லாம் கண்ணுக்கு மட்டும்தான். நாத்தனார் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அந்த வேலைக்குத்தான் நான் இருந்தேனே.

மற்ற ருசிகள் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வந்தன. புளிப்பு வந்தது. ஒருநாள் கேண்டீனில் நறுக்கிக்கொண்டிருந்த கேரட்டில் ஒரு துண்டை வாயில் போட்டேன், இனித்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேற்பார்வையாளரைத் தேடிப் போனேன். வாசனை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே சோப்புத் தண்ணீர் மணந்தது. கரண்டி என் கைக்குத் திரும்பி வந்தது. தேநீரும் பழையபடி குறையோடு வருகிறது.

இப்போதும் ஒவ்வொரு வசந்தத்திலும் இளம் பட்டாணி கடைக்கு வந்ததும் அவர் அந்தப் பாஸ்தாவைச் செய்கிறார். இல்லாத முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறார், ஜன்னல் ஆவியை ஒரே இழுப்பில் துடைக்கிறார். கோப்பையில் தண்ணீரை மொண்டு வைக்கிறார். பாத்திரத்தில் பாஸ்தா வறண்டு ஒட்டுகிறது. நான் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கோப்பையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், அருமையாக வந்துவிடும். கேண்டீனில் தினமும் நான் செய்கிற காரியம்தான் அது. ஆனால் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

உப்பு இப்போதெல்லாம் அளவாகத்தான் போடுகிறார், கை பழகிவிட்டது. கோப்பையைக் கொடுத்துவிட்டு, தன் தட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, கரிக்குது என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார்.